சுல்தான் அனுப்பிய வெண்கிளி

விருத்தாசலம் என்றதும் இன்று பலருக்கும் நினைவில் எழுவன பழமலைநாதர் கோயிலும் பீங்கான் தொழிலும் ஆகும். அவ்வூரிலிருந்து ஜெயங்கொண்டம் நோக்கிச் செல்லும் சாலையில் கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டினால் வெள்ளாறு குறுக்கிடுகிறது. ஆறு கிழக்கே திரும்பிப் பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. சாலையோ தெற்கே நீண்டு கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே கொண்டுபோய் விடுகிறது. சோழர் தலைநகராய் இருந்த அவ்வூரின் மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இன்று பீங்கான் செய்து விற்கும் வட்டாரம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த பீங்கானை வாங்கிப் புழங்கியிருக்கிறது.

சுட்ட மண்ணுக்கு ஒரு நற்பேறு உண்டு. எத்தனை நூற்றாண்டு புதைந்து கிடந்தாலும் அது தன் பிறந்த ஊரைச் சொல்லிவிடும். அதனாலேயே கீழைக்கடல் வணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் ஓடுகளையும் காசுகளையும் கல்வெட்டுகளையுமே சாட்சிக்கு அழைக்கின்றனர். அதே மரக்கலங்களில் வந்த உயிருள்ள சரக்குகள் மண்ணில் தடயமின்றிக் கரைந்து போயின. அவற்றின் செய்தியை நூல்களின் ஓரங்களிலும் ஓவியங்களின் மூலைகளிலும் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு அகப்பட்ட ஒரு பறவையின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். ஒரு காலத்தில் பக்தாதுக்கும் காஹிராவுக்கும் அரும்பொருளாகச் சென்ற அப்பறவை, இன்று தன் தாய்க்காட்டிலேயே அரும்பொருளாகிவிட்டது.

மலாய் மொழியினர் இப்பறவையைக் காக்கத்துவா என்பர். நம்மூர்ப் பறவைக் கடைகளில் காக்கட்டூ என்ற பெயர் வழங்குகிறது. தலைமேல் விரிந்து மடங்கும் கொண்டையைக் கருதிக் கொண்டைக்கிளி என்பது தமிழ்ப் பெயர். நாமும் அப்பெயரையே கொள்வோம். இக்குடும்பத்துப் பறவைகள் இந்தியாவிலோ ஈரானிலோ அரபு நாடுகளிலோ ஆப்பிரிக்காவிலோ இயற்கையாக வாழ்வதில்லை. ஆஸ்திரேலியா, நியூ கினி, இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகள், பிலிப்பைன்ஸ் ஆகியவையும் அவற்றை அடுத்த சில தீவுகளுமே அவற்றின் தாயகம். 1856ஆம் ஆண்டு ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் பாலித் தீவிலிருந்து லொம்பாக் தீவுக்குச் சென்றார். குறுகிய ஒரு நீரிணையைக் கடந்ததும் பறவை உலகமே மாறிவிட்டதைக் கண்டு வியந்தார். அவ்வியப்புக்குக் காரணமான பறவைகளுள் வெண்ணிறக் கொண்டைக்கிளியும் ஒன்று. ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலிய உயிரினங்களையும் பிரிக்கும் எல்லையாக அறிவியலார் பின்னர் வரைந்த கோட்டுக்கு வாலஸ் கோடு என்றே பெயர் ஏற்பட்டது.

இந்த எல்லை வரலாற்றாசிரியனுக்கும் பெரிதும் உதவுவது. மேற்கே எந்த ஊரில் ஒரு கொண்டைக்கிளி தென்பட்டாலும், அதை யாரோ ஒருவர் கீழைத் தீவுகளில் பிடித்து, பலர் கைமாற்றி, கடல் கடத்திக் கொண்டுவந்தார் என்பது உறுதி. சீன ஓட்டைப் பார்த்து வேறொரு நாட்டார் போலி செய்திருக்கலாம். பறவையைப் போலி செய்ய முடியாது.

இனி நூல்களைப் பார்ப்போம். காஹிராவில் பிறந்து அங்கேயே மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் கமாலுத்தீன் தமீரி (ஹி. 742–808 / கி.பி. 1341–1405). அவருடைய ‘ஹயாத்துல் ஹயவான் அல்-குப்ரா’ நம் மதரஸா நூலகங்களில் இன்றும் இடம்பெறும் நூல். விலங்குகளையும் பறவைகளையும் அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் பெயர், இயல்பு, அதைப் பற்றிய ஹதீஸ், உண்ணலாமா கூடாதா என்னும் சட்டம், பழமொழி, மருத்துவம், கனவுப் பலன் எனப் பலவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவைக்கும் கலைக்களஞ்சியம் அது. நம்புவதற்கு அரிய செய்திகளும் அதில் உண்டு. அதனால் தற்கால வாசகர் சிலர் அதைப் பொழுதுபோக்கு நூலாகக் கருதி ஒதுக்குவர். அது நேர்மையான மதிப்பீடு அன்று.

கிளிக்கு உரிய ‘பப்பகா’ என்னும் தலைப்பில் தமீரி பச்சைக் கிளியை விவரித்துவிட்டு, வெள்ளை நிறத்தில் ஒரு வகையும் உண்டு என்கிறார். புவைஹிய அமீர் முஇஸ்ஸுத் தவ்லாவுக்கு அத்தகைய கிளி ஒன்று அன்பளிப்பாக வந்தது என்றும், அதன் உடல் வெள்ளை, அலகும் கால்களும் கறுப்பு, தலைமேல் பிஸ்தா நிறத்தில் ஒரு குடுமி என்றும் குறிக்கிறார். முஇஸ்ஸுத் தவ்லா பக்தாதை ஆண்டது ஹி. 334 முதல் 356 வரை (கி.பி. 945–967). நூலாசிரியருக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே நான்கு நூற்றாண்டு இடைவெளி உண்டு. ஆயினும் அவர் தரும் அடையாளங்களைப் பாருங்கள். உடல், அலகு, கால், குடுமி என ஒரு பறவையியலார் குறிப்பது போன்ற நான்கு அடையாளங்கள்! இவற்றைக் கொண்டு பறவையைக் கண்டுபிடிக்க முடியும். வட மலுக்குத் தீவுகளின் வெண் கொண்டைக்கிளிக்குக் கொண்டையும் வெள்ளை. ஆகவே அது அன்று. செராம் தீவின் கொண்டைக்கிளி இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது, அதுவும் அன்று. பிலிப்பைன்ஸ் கொண்டைக்கிளிக்கு அலகு வெளிறியது. வெள்ளை உடல், கரிய அலகு, கருஞ்சாம்பல் கால், மஞ்சள் கொண்டை ஆகிய நான்கும் பொருந்துபவை சுலவேசி, சும்பா, திமோர் முதலிய தீவுகளின் சிறிய மஞ்சள் கொண்டைக்கிளியும், நியூ கினி, ஆஸ்திரேலியப் பகுதிகளின் பெரிய மஞ்சள் கொண்டைக்கிளியுமே. பிஸ்தாவின் பருப்பைக் கீறிப் பார்த்தவர்கள் அந்த மஞ்சள் கலந்த பசுமையை அறிவர்.

பத்தாம் நூற்றாண்டில் பக்தாதுக்கு அது எவ்வாறு வந்திருக்கும்? ஹி. 264இல் (கி.பி. 878) சீனத்துக் கான்ஃபூ நகரில் கிளர்ச்சியாளர் படை புகுந்து அயல்நாட்டு வணிகர்களைக் கொன்று குவித்தது. அதன்பின் ஸீராஃப், உமான் நாட்டுக் கப்பல்கள் சீனம்வரை செல்வதைக் குறைத்துக்கொண்டன. தம் காலத்தில் அக்கப்பல்களும் சீனத்திலிருந்து வரும் கப்பல்களும் நடுவழியில் ‘கலஹ்’ துறைமுகத்தில் சந்தித்துச் சரக்கு மாற்றிக்கொண்டன என்று மஸ்ஊதி எழுதுகிறார். அவர் முஇஸ்ஸுத் தவ்லாவின் காலத்தவரே. மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்த கலஹைத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறும் கடாரம் என்று கொள்வோர் பலர். திமோரின் சந்தனமும் மலுக்குவின் கிராம்பும் பாந்தாவின் ஜாதிக்காயும் உள்நாட்டுப் படகுகளில் தீவுக்குத் தீவு மாறி அங்கே வந்து சேர்ந்தன. சந்தன மூட்டை வந்த தீவுகளே மஞ்சள் கொண்டைக்கிளி வாழ்ந்த தீவுகள் என்பது கவனிக்கத்தக்கது. பிறகு கப்பல் மேற்கே திரும்பி, அரபு நூல்கள் ‘கூலம் மலீ’ என அழைக்கும் கொல்லத்தில் நின்று, அங்கிருந்து பாரசீக வளைகுடாவை அடையும்.

தமிழ் வணிகரும் இவ்வழியில் பார்வையாளராய் இருந்தவர் அல்லர். சுமத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பச்சைக் கற்பூரம் விளையும் அக்கரையில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நிலைகொண்டிருந்ததைக் காட்டுகிறது. சீனத்துச் சுவான்சௌ நகரில் கி.பி. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. மேற்காசிய வணிகரைக் குறித்து வழங்கிய அஞ்சுவண்ணம் என்னும் பெயரும் நம் கல்வெட்டுகளில் உண்டு. பாண்டியர் காலத்துக் காயலில் அரபுக் குதிரை வணிகம் தழைத்ததையும், ஷேக் ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராய் இருந்ததையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிந்துள்ளார். வெள்ளாற்று முகத்துப் பரங்கிப்பேட்டை பின்னாளில் மஹ்மூது பந்தர் என்ற பெயரோடு அச்சே, கெடா துறைகளுடன் வணிகம் நடத்தியது. ஆகப் பத்தாம் நூற்றாண்டின் கொண்டைக்கிளி ஒரு விந்தை நிகழ்ச்சி அன்று. நன்கு பழகிய ஒரு நெடுவழியில் நடந்த பயணம்.

பறவை அத்தனை தூரம் உயிரோடு வருமா என்று கேட்பார் உண்டு. கொண்டைக்கிளி நாற்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அமெரிக்க விலங்குக் காட்சியகம் ஒன்றில் 83 வயது வரை வாழ்ந்து 2016இல் இறந்த கொண்டைக்கிளியும் உண்டு. தானியமும் கொட்டையும் அதன் உணவாதலால் கப்பலோட்டியின் உணவு மூட்டையே அதற்கும் போதும். பருவக்காற்றுக்காக ஒவ்வொரு துறையிலும் மாதக்கணக்கில் காத்திருந்து, ஓரிரு ஆண்டு பயணம் செய்தாலும் தாங்கிக்கொள்ளும். அந்த வலிமையே பின்னாளில் அதற்குப் பெருந்தீங்காயிற்று.

தமீரி குறித்த பறவைக்குச் சற்றேறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்து இன்னொன்று வெளிப்படுகிறது. இம்முறை எழுத்தோடு ஓவியமும் உண்டு. ஸலாஹுத்தீன் ஐயூபியின் தம்பி மகன் சுல்தான் அல்-காமில் மிஸ்ரை ஆண்டது ஹி. 615 முதல் 635 வரை (கி.பி. 1218–1238). அவருடைய சமகாலத்தவர் சிசிலியின் அரசரும் ரோமப் பேரரசருமான இரண்டாம் பிரெடெரிக். சிலுவைப்போர் தலைவராக 1228இல் அக்கா துறையில் வந்திறங்கிய பிரெடெரிக், போர் செய்யாமல் தூது நடத்தினார். அல்-காமிலின் தூதர் ஃபக்ருத்தீன் பலமுறை வந்து போனார். 1229 பிப்ரவரியில் (ஹி. 626) உடன்படிக்கை ஏற்பட்டது. பத்தாண்டுக் காலத்துக்கு பைத்துல் முகத்தஸ் நகரம் பிரெடெரிக்கிடம் செல்லும். ஹரம் ஷரீஃபும் அதிலுள்ள மஸ்ஜிதுல் அக்ஸாவும் குப்பத்துஸ் ஸக்ராவும் முஸ்லிம்கள் வசமே இருக்கும்.

இந்த உடன்படிக்கையைச் சமய நல்லிணக்கத்தின் மகுடமாகப் பாடுவது இன்றைய வழக்கம். அக்காலத்து முஸ்லிம்கள் அவ்வாறு கருதவில்லை. திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலில் ஸிப்து இப்னுல் ஜவ்ஸீ அதைக் கண்டித்து உரையாற்றியபோது மக்கள் அழுதனர். மறுபுறம் போப்பாண்டவரோ பிரெடெரிக்கைச் சமயத்திலிருந்து விலக்கி வைத்திருந்தார். அரபு அறிவை நேசித்த அதே பிரெடெரிக், சிசிலியின் முஸ்லிம்களை அவர்தம் மண்ணிலிருந்து பெயர்த்து லூசேராவில் குடியேற்றியதையும் மறந்துவிடலாகாது. இவற்றையெல்லாம் நினைவில் இருத்திக்கொண்டு பார்த்தாலும், இவ்விரு அரசரிடையே நடந்த அன்பளிப்புப் பரிமாற்றம் வியப்பளிப்பதே. அல்-காமில் யானை ஒன்றை அனுப்பினார்; அது இத்தாலியின் கிரெமோனா நகரில் ஊர்வலம் வந்தது. ஒட்டகச்சிவிங்கியும் மிஸ்ரிலிருந்து சென்றது. பிரெடெரிக் வெண்கரடி ஒன்றை அனுப்பியதாக அரபு வரலாற்றாசிரியர்கள் குறிப்பர்.

இக்கூட்டத்தில் ஒரு வெண்கிளியும் இருந்தது. பிரெடெரிக் வல்லூறு வேட்டையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். மோமின் என்ற பெயரால் அறியப்படும் அரபு நூலை அந்தாக்கியாவின் தியோடர் என்பாரைக் கொண்டு லத்தீனில் மொழிபெயர்க்கச் செய்தார். வேட்டைப் பறவைக்குத் தலைமூடி அணிவிக்கும் முறையை அரபியரிடம் கற்றதாக அவரே ஒப்புகிறார். பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலை பற்றி 1240களில் அவர் தாமே ஒரு நூல் இயற்றினார். அவர் மகன் மன்ஃப்ரெட்டுக்காகப் படி எடுக்கப்பட்ட சுவடி இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதன் ஓரங்களில் 900க்கும் மேற்பட்ட பறவை உருவங்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. அவற்றுள் நான்கு உருவங்கள் ஒரு வெண்ணிறக் கொண்டைக்கிளியுடையவை. பாபிலோனியாவின் சுல்தான் தமக்கு அனுப்பியது என்று பேரரசர் எழுதியுள்ளார். இங்கே பாபிலோனியா என்பது இராக் அன்று; பழைய காஹிராவிலிருந்த பாபிலோன் கோட்டையை வைத்து ஐரோப்பியர் மிஸ்ரின் தலைநகரை அப்பெயரால் அழைத்தனர்.

இவ்வுருவங்களை ஃபின்லாந்து நாட்டு அறிஞர் மூவரும் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ஹெதர் டால்டனும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். அதற்கு முன், ஐரோப்பாவின் மிகப் பழைய கொண்டைக்கிளி ஓவியம் மாந்தெஞ்ஞா 1496இல் தீட்டிய மாதா படத்தில் இருப்பதே எனக் கருதப்பட்டது. புதிய ஆய்வு அக்காலத்தை ஏறத்தாழ 250 ஆண்டு முன்னே தள்ளியது. அனுப்பிய சுல்தான் அல்-காமிலே என்பதும், பறவை பெரும்பாலும் ஒரு பெண் பறவை என்பதும், அது சிறிய மஞ்சள் கொண்டைக்கிளியாகவோ நியூ கினிப் பக்கத்துப் பெரிய வகையாகவோ இருக்கலாம் என்பதும் அவர்தம் முடிவு. உலகச் செய்தித்தாள்கள் இதை ஐரோப்பாவின் முதல் கொண்டைக்கிளி என்று கொண்டாடின. பக்தாதின் கொண்டைக்கிளி அதற்கும் மூத்தது என்பதை எவரும் சொல்லவில்லை. தமீரியின் நூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நாமாவது சொல்லியிருக்க வேண்டும்.

காஹிராவுக்கு அப்பறவை வந்த வழியை ஊகிப்பதும் கடினமன்று. 1229 வரை யமனை ஆண்டவர் அல்-காமிலின் மகன் அல்-மஸ்ஊத் யூசுஃப். எனவே கீழைக்கடலின் வாயிலான அதன் துறைமுகம் சுல்தானின் குடும்பத்தார் கையில் இருந்தது. அதனில் இறங்கிய சரக்கைக் காரிமீ வணிகர் செங்கடல் வழியே ஐதாபுக்கும், அங்கிருந்து ஒட்டகத்தில் கூஸ் நகருக்கும், பின் நைல் நதியில் காஹிராவுக்கும் கொண்டு சென்றனர். மிளகு போன வழியில் கிளியும் போயிற்று.

இனி இக்கதையின் கடினமான பக்கத்துக்கு வருவோம். நாம் இதுவரை பேசியது மனிதரின் பெருமையை. சுல்தானின் பெருந்தன்மை, பேரரசரின் அறிவார்வம், வணிகரின் துணிவு ஆகியவற்றுக்குச் சாட்சி கூறிய பறவையின் நிலை யாது? கொண்டைக்கிளிகள் இணை பிரியாமல் வாழ்பவை; மாலையில் கூட்டமாக ஒரே மரத்தில் அடைபவை. நியூ கினியிலோ சுலவேசியிலோ பிடிபட்ட ஒரு பெண் பறவை, தன் இனத்தின் குரலை மீண்டும் ஒருமுறை கூடக் கேளாமல் இத்தாலியில் செத்திருக்கும். கி.பி. 631இல் சம்பா நாட்டார் அனுப்பிய கிளிகள் குளிர் தாங்காமல் வருந்துவதைக் கண்டு, அவற்றைத் தாய்க்காட்டுக்கே திருப்பி அனுப்பும்படி தாங் பேரரசர் தைசோங் பணித்தார் எனச் சீன வரலாறு கூறும். அச்செயலுக்கு ஒப்பான ஒன்றை அல்-காமிலிடமோ பிரெடெரிக்கிடமோ நாம் காணவில்லை.

ஆனால் அல்-காமிலின் காலத்தில், அவருடைய குடும்பத்தாரின் ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த ஓர் ஆலிம் இவ்வினாவை எழுப்பியிருந்தார். அவர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (மறைவு ஹி. 660 / கி.பி. 1262). திமிஷ்கில் வாழ்ந்து பின் காஹிராவில் காழியாக அமர்ந்தவர். ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே நீதி உரைத்ததால் சிறையும் கண்டவர். தம் ‘கவாஇதுல் அஹ்காம்’ நூலில் மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற் போயினும் அதற்கு உணவளிக்க வேண்டும்; தாங்காத சுமை ஏற்றலாகாது; துன்புறுத்தக்கூடிய வேறொன்றோடு சேர்த்து அடைக்கலாகாது; அதன் கண்முன் அதன் குஞ்சை அறுக்கலாகாது. இவ்வரிசையில் நம்மைத் தடுத்து நிறுத்துவது ஒன்றுண்டு. இணைசேரும் பருவத்தில் ஆணையும் பெண்ணையும் ஒன்றுசேர விட வேண்டும் என்பதே அது. கால்நடைகளை மனத்திற்கொண்டு எழுதியது என்று சிலர் சொல்லக்கூடும். விலங்கின் உரிமை என்று பொதுப்பட எழுதியதைக் கொட்டிலோடு நிறுத்துவதற்கு அவருடைய சொல்லில் இடமில்லை என்பதே நம் கருத்து.

கூண்டில் பறவை வளர்ப்பது கூடும் என்பதே ஃபுகஹாக்களில் பெரும்பான்மையோரின் தீர்ப்பு; அதை மறுப்பதற்கில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடினார். அது இறந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவோடு பேசி ஆறுதல் அளித்தார்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பாடங்களை வகுத்து ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் தனி ஏடே எழுதினார். பறவை வளர்க்க அனுமதி என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் மற்றொரு ஹதீஸும் உண்டு. பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்து வந்தனர்; தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்தது. குஞ்சுகளைத் தாயிடமே திருப்பித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. அனுமதிக்குரிய ஹதீஸில் இருப்பது ஒரு சிறுவனும் ஒரு பறவையும். ஒரு காட்டின் பறவைகள் அனைத்தையும் வலைபோட்டு வாரிச் செல்லும் வணிகத்துக்கு அதிலிருந்து ஆதாரம் தேடுவோர், அளவைக் கணக்கில் கொள்ளத் தவறுகின்றனர்.

அந்த வணிகம் நம் தலைமுறையில்தான் நடந்தது. பாய்மரக் காலத்தில் ஒன்றிரண்டாகப் போன பறவை, விமானக் காலத்தில் ஆயிரக்கணக்கில் போயிற்று. 1980களில் இந்தோனேசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பல்லாயிரம் கொண்டைக்கிளிகள் சட்டப்படியே ஏற்றுமதியாயின. ஆண்டுக்கு இரண்டு முட்டை அளவில் இட்டு, முதிர்ந்த பெருமரங்களின் பொந்துகளில் மட்டுமே குஞ்சு பொரிக்கும் இனம் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. பொந்துள்ள பெருமரங்களையே மரம் வெட்டுவோரும் நாடினர். சும்பா தீவில் ஒரே பொந்துக்காகக் கொண்டைக்கிளியும் இருவாட்சியும் வேறு கிளிகளும் போட்டியிடும் நிலை உண்டாயிற்று. 35 சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத சிறிய மஞ்சள் கொண்டைக்கிளி இன்று முற்றழியும் தறுவாயிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. காட்டில் எஞ்சிய முதிர்ந்த பறவைகள் இரண்டாயிரத்தைத் தாண்டா என்பது பறவையியலாரின் மதிப்பீடு. வாலஸ் வியந்து பார்த்த லொம்பாக்கில் அது ஏறத்தாழ மறைந்துவிட்டது. இதன் பன்னாட்டு வணிகம் 2005 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது.

வேடிக்கையான முரண் ஒன்றுண்டு. இந்த இனத்தின் ஏறத்தாழ இருநூறு பறவைகள் இன்று ஹாங்காங் மாநகரின் பூங்காக்களில் சுதந்திரமாகத் திரிகின்றன. அவை அனைத்தும் கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்கள். உலகில் எஞ்சியவற்றுள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, தன் இனம் ஒருபோதும் வாழாத ஒரு நகரத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவே கூடு தேடுகிறது.

நம் நாட்டிலும் இப்பறவைக்கு விருப்பம் குறையவில்லை. இந்தியக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால், வசதி படைத்தோரின் நாட்டம் அயல்நாட்டுப் பறவைகள்மீது திரும்பியது. அவற்றைத் தொட அச்சட்டத்தில் நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024இல் வந்த விதிகளும் பன்னாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என ஆக்கியுள்ளன. வீட்டில் கொண்டைக்கிளி வைத்திருக்கும் செல்வர்கள் நம் கடற்கரை ஊர்களிலும் இல்லாமலில்லை. பறவை எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்பவர்களோ மிகச் சிலரே.

பறவையின் தாயகத்தில் என்ன நிகழ்கிறது? 2015 மே மாதம் சுரபாயா துறைமுகத்தில் காவல்துறையினர் ஒரு பயணியின் பெட்டியைச் சோதித்தபோது, குடிநீர் நெகிழிப் புட்டிகளுக்குள் திணிக்கப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட மஞ்சள் கொண்டைக்கிளிகள் இருந்தன. புட்டியின் அடிப்பகுதியை அறுத்து, பறவையை உள்ளே செருகியிருந்தனர். புட்டிக்குள் அடங்கிய அந்த வெண்ணிற முகங்களின் படங்கள் வெளியானபோது இந்தோனேசியாவே கொதித்தது. வீட்டில் வளர்க்கும் கொண்டைக்கிளிகளைத் தண்டனையின்றி ஒப்படைக்கலாம் என அரசு அறிவித்தது. பலர் தாமே முன்வந்து ஒப்படைத்தனர்.

அதற்கு முந்திய ஆண்டே, 2014 ஜனவரியில், இந்தோனேசிய உலமாப் பேரவை நான்காம் எண் ஃபத்வாவை வெளியிட்டிருந்தது. அருகிவரும் உயிரினங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்பது அதன் தீர்ப்பு. வாழ்விடத்தைப் பேணுவது முஸ்லிம்களின் கடமை என்றும் அது கூறிற்று. உலகின் மிகப் பெரிய முஸ்லிம் நாட்டின் தலைமை உலமாக்கள் காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி அமர்ந்து பேசி இப்படியொரு தீர்ப்பு வழங்கியது, நம் மதரஸாக்களில் இன்னும் போதிய கவனம் பெறவில்லை. ஃபத்வா வந்த மறு ஆண்டே புட்டிகள் பிடிபட்டன என்று எள்ளி நகைப்போர் உண்டு. திருட்டு ஹராம் என்று தெரிந்தும் திருடர் இருக்கின்றனர். அதனால் தீர்ப்பு பொய்த்துவிடாது. பறவையை ஒப்படைக்க மக்கள் தயங்காமல் முன்வந்ததற்கு மிம்பர் மேடைகளின் பேச்சும் ஓரளவு காரணமாய் இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

ஜாவாக் கடலின் நடுவே மசக்கம்பிங் என்னும் மிகச் சிறிய தீவு ஒன்றுண்டு. மக்கள் முஸ்லிம்கள், தொழில் மீன்பிடிப்பும் தென்னையும். மஞ்சள் கொண்டைக்கிளியின் துணையினம் ஒன்று உலகில் இத்தீவில் மட்டுமே எஞ்சியுள்ளது. 2008இல் கணக்கெடுத்தபோது மொத்தம் பத்துப் பறவைகளே இருந்தன. பறவையார்வலரின் தூண்டுதலால் ஊர்மக்கள் கூடி, கொண்டைக்கிளியைப் பிடிக்கலாகாது என ஊர்க் கட்டுப்பாடு வகுத்தனர். அவை கூடு வைக்கும் இலவ மரங்களையும் அலையாத்தி மரங்களையும் காத்தனர். வெள்ளாற்று முகத்தையடுத்த பிச்சாவரத்தில் நாம் காணும் கண்டல் மரத்தின் இனமே அங்கும் இருப்பது. பயிரைக் கொத்தும் பறவை என்று முன்பு விரட்டியவர்களே இப்போது கூட்டுமரத்துக்குக் காவல் இருக்கின்றனர். சில ஆண்டுகளில் பறவைகளின் எண்ணிக்கை இருபதைக் கடந்தது.